வண்டியை நகர்த்தும் முன் லீவரைப் பிடித்துப் பாருங்கள்

மழை முடிந்த கையோடு ஒரு தம்பி தன் 150 சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முன் மட்கார்டு உடைந்திருந்தது, ஹெட்லைட் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. "அண்ணே, முன்னாடி பிரேக் பேட் வீட்ல நானே மாத்தினேன். வாசல் சரிவுல வண்டிய இறக்கிட்டு பிரேக் பிடிச்சா, லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துடுச்சு. எதிர் வீட்டு காம்பவுண்டுலதான் போய் நின்னேன்" என்றார்.

டிஸ்கைக் கவ்வியபடி பேடைத் தாங்கி நிற்கும் கேலிப்பரைக் குனிந்து பார்த்தேன். பேட், பின், போல்ட் எல்லாம் நான் மாட்டியது போலவே இருந்தன. லீவரை ஏழெட்டு முறை அழுத்தினேன், கல்லு மாதிரி இறுகிவிட்டது. அவர் வீட்டில் செய்யாமல் விட்டது அதைத்தான்.

தேய்ந்த பேடைக் கழற்றிவிட்டுத் தடிமனான புதுப் பேடை நுழைக்க வேண்டுமென்றால், கேலிப்பருக்குள் இருந்து பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். தள்ளிய பிறகு பிஸ்டனுக்கும் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். லீவரை ஒரு முறை அழுத்தினால் போகும் பிரேக் ஆயில் கொஞ்சம்தான். முதல் சில அழுத்தல்கள் அந்த இடைவெளியை மூடவே செலவாகிவிடும், சக்கரத்தைப் பிடிக்க மிச்சம் இருக்காது. அதனால் ஸ்டாண்டில் நிற்கும்போதே லீவர் இறுகும்வரை அழுத்துங்கள். பின் டிஸ்க் என்றால் மிதியை. அப்புறம்தான் சாவியைத் தொட வேண்டும்.

வீட்டில் பேட் மாற்றாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு அலன் கீ செட், ஸ்பேனர், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் பனியன் வேஸ்ட் இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் சில இடங்களில் அவசரப்படக் கூடாது.

பேடைப் பிடித்து நிறுத்தும் பேட் பின்னை, கேலிப்பர் வண்டியில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். கேலிப்பரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த இறுகிய பின்னோடு மல்லுக்கட்டினால் அலன் கீயின் முனை வழுக்கி, அந்தப் பின்னின் தலையிலுள்ள குழிதான் உருளும். கழற்றிய கேலிப்பரை ஹோஸில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியில் கட்டித் தூக்கி வையுங்கள். கேலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும், குறிப்பாக வீட்டுப் பிள்ளைகள், லீவரைத் தொடக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிட்டால் அந்த வேலை உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

பிஸ்டனைத் தள்ளும் முன் அதைச் சுற்றியிருக்கும் கறுப்பு அழுக்கை டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு சுத்தமாக எடுங்கள். பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த அழுக்கோடு தள்ளினால் அது ரப்பர் சீலுக்குள் போய் உட்காரும், சில மாதத்தில் பிரேக் ஆயில் கசியும். வாயால் ஊதியோ காற்றடித்தோ தூசியைப் பறக்கவிடாதீர்கள், அது நுரையீரலுக்கு நல்லதல்ல.

பிரேக் ஆயில் டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் இறங்குவது இயல்பு. மட்டம் குறைகிறதே என்று சிலர் மேலே ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். பிறகு புதுப் பேட் போடப் பிஸ்டனைத் தள்ளும்போது மேலே நிரம்பி வழிந்து டேங்க் பெயிண்டைத் தின்றுவிடும். மட்டம் இறங்கினால் முதலில் பேடைப் பாருங்கள். பேட் நன்றாக இருந்தும் இறங்கினால் எங்கோ கசிகிறது. வழிந்த இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஆயில் என்று பேர்தான், அது எண்ணெய் கிடையாது. என்ஜின் ஆயிலை அதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். மூடியில் டாட் 4 என்று பிரேக் ஆயிலின் வகை போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். புதிதாக இருக்கையில் அது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், நீர் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 வரைக்கும் இறங்கக்கூடும். பல வருடம் மாற்றாத ஆயிலோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினால், சூட்டில் ஆயில் கொதித்து, பாதி வழியில் லீவர் பஞ்சு மாதிரி ஆகிவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

பேட் எப்போது மாற்ற வேண்டும் என்பதற்குக் கிலோமீட்டர் கணக்கு கேட்காதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பேடில் இருக்கும் கோடு தேய்ந்து மறைந்துவிட்டாலோ, இரும்புத் தகட்டுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தாலோ நேரம் வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறும் மணலும் அரைப்பதால், மார்கழியில் என்னிடம் வருகிற பேட் வேலை இரண்டு மடங்காகும். டிஸ்கிலேயே அதன் குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

கீச்சென்று சத்தம் வருகிறது என்று டிஸ்கில் எண்ணெய் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வந்தவரும் உண்டு. "சத்தம் நின்னுடுச்சுண்ணே" என்றார். பிரேக்கும் நின்றுவிட்டது. எண்ணெய் குடித்த பேடைத் துடைத்துப் பயனில்லை, குப்பையில்தான் போட வேண்டும். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் டிஸ்கை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

புதுப் பேட் முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. முதல் 200, 300 கிலோமீட்டருக்கு முன்னால் போகிற வண்டியை விட்டுக் கொஞ்சம் தள்ளியே ஓட்டுங்கள், மிதமாகப் பிடித்துப் பிடித்துப் பழக்குங்கள். பிஸ்டன் கையால் தள்ளியும் நகரவில்லை, லீவர் எத்தனை முறை அழுத்தியும் இறுகவில்லை என்றால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

அந்தத் தம்பியிடம் பழைய பேட் இருக்கிறதா என்று கேட்டேன். நல்லவேளை, டூல்ஸ் பையிலேயே போட்டு வைத்திருந்தார். பிஸ்டன் பக்கத்துப் பேட் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. மற்றது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கேலிப்பர் நகர வேண்டிய ஸ்லைடு பின் இறுகிவிட்டால் இப்படித்தான் தேயும். ரப்பரை விலக்கிப் பின்னை இழுத்தேன், வரவில்லை. தட்டித் தட்டி வெளியே எடுத்தபோது சிவப்பாகத் துரு ஏறிக் கிடந்தது. உப்புத்தாளால் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டினேன். சாதா கிரீஸ் போட்டிருந்தால் ரப்பர் ஊதி மறுபடியும் இறுகியிருக்கும். அதைப் பார்க்காமல் புதுப் பேடோடு ஓட்டியிருந்தால், அடுத்த மழைக்குள் அதே பக்கம் தேய்ந்துதான் வந்திருப்பார்.