உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தேக்கு சைடுபோர்டு (தாழ்வான நீள அலமாரி) ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 1960-களில் டென்மார்க்கில் செய்தது. வாங்கியபோது மேற்பலகையில் ஈரக் குவளை வைத்த வெள்ளை வளையம் இரண்டு இருந்தனவாம். மின்சார சாண்டரை வைத்துத் தேய்த்திருக்கிறார். வளையம் போனது, கூடவே தேக்கும் போனது. உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பலகை வெளிறித் தெரிந்தது. "பாலிஷ் போட்டால் மறைந்துவிடுமா?" என்று கேட்டார். மறையாது என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

அந்தக் காலத்து டேனிஷ் மரச்சாமான் என்றால் முழுத் தேக்கு என்று பலர் நம்புகிறார்கள். கால்களும் விளிம்புச் சட்டங்களும் முழு மரமாக இருக்கும். அகலமான பலகைகள் பெரும்பாலும் வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டியவைதான். இது மலிவு வேலை இல்லை. அகலமான முழுப்பலகை ஈரக்காற்றில் உப்பும், வறண்டால் சுருங்கும், கடைசியில் வெடிக்கும். வெனீர் ஒட்டிய பலகை அசையாமல் நிற்கும். ஆனால் அந்த வெனீரின் கனம் பல சாமான்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பலகையின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். மேலே ஓடும் ரேகை ஓரத்தில் மடங்கி இறங்கினால் முழு மரம். தனிப் பட்டை ஒட்டியிருந்தால் வெனீர்.

வெள்ளை வளையம் பெரும்பாலும் மரத்தில் இருப்பதில்லை, மேல்பூச்சில் சிக்கிய ஈரம் அது. எண்ணெய்ப் பூச்சு கொண்ட பலகையென்றால், மிக நைசான இரும்புக் கம்பளியில் (ஸ்டீல் வுல்) எண்ணெய் தொட்டு, ரேகை போகும் திசையிலேயே மெதுவாகத் தேய்த்தாலே பல சமயம் போய்விடும். கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். கருப்பு வளையம் வேறு கதை, அங்கே ஈரம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது.

மரத்தைவிட எனக்கு அதிகப் பயம் ரப்பரைக் கண்டால்தான். சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி வடிவமைத்து 1956-இல் வெளிவந்த லவுஞ்ச் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வளைந்த ப்ளைவுட் முதுகைத் தாங்குவது மரத்தில் பசையால் ஒட்டிய ரப்பர் தாங்கிகள். வயதானால் ரப்பர் கெட்டிப்படும், பசை விடும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒருநாள் யாராவது நன்றாகச் சாய்வார்கள், தாங்கி பிய்ந்து ப்ளைவுட்டும் உடையும். ஆள் விழுந்து அடிபடவும் கூடும். ரப்பர் எப்போது மாற்றியது என்று விற்பவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்வரை அதில் யாரையும் உட்கார விடாதீர்கள்.

உடைந்த ப்ளைவுட் முதுகுக்கு ஈடு தேடுவதும் லேசில்லை. பழைய ஈம்ஸ் நாற்காலிகள் பலவற்றில் பிரேசில் ரோஸ்வுட் வெனீர் இருக்கும். 1992 முதல் அந்த மரம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் நாடுகளுக்கிடையேயான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய நாற்காலியே ஆனாலும், நாடு விட்டு நாடு வாங்கும்போது உரிய சான்றிதழ் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள்.

சாய்வு நாற்காலிகளின் ரப்பர் பட்டைகளும் இப்படியே தளரும். மெத்தையை அழுத்தினால் மஞ்சள் தூள் உதிர்கிறதா? உள்ளே ஃபோம் மக்கிவிட்டது, முகக்கவசம் இல்லாமல் உறையைப் பிரிக்காதீர்கள். ஃபைபர்கிளாஸ் நாற்காலியை உலர்வாகத் தேய்க்கவே கூடாது, அந்த இழைத்தூசு நுரையீரலுக்கு ஆகாது.

அடிப்பக்கத்து லேபிளை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். லேபிளை யாரும் ஒட்டலாம். நான் முதலில் பார்ப்பது மூட்டுகளை, பிறகு இழுப்பறையின் பின்பக்கத்தை. அங்கே வேலை சுத்தமாக இருந்தால்தான் மேற்கொண்டு பேசுவேன்.

அந்த சைடுபோர்டின் மேற்பலகைக்குப் புது வெனீர் ஒட்டிக் கொடுத்தேன். அதன் நிறம் பக்கப் பலகைகளின் நிறத்தை எட்ட ஆண்டுகள் ஆகும் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். ஓர் இழுப்பறையிலும் பழைய வளையக் கறை இருந்தது. அதை அப்படியே விடச் சொன்னார், நானும் தொடவில்லை.