கம்பியைத் தேடி வரும் கடல்

யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக் கரையோர மாடி வீடுகள் சிலவற்றை அண்ணாந்து பார்த்தால், யன்னலுக்கு மேல் நீட்டிய கொங்கிறீட் தட்டின் அடிப்பக்கம் பொரிந்து, துருவேறிய கம்பி தெரியும். பக்கத்திலேயே பழைய நாற்சார் வீடு அசையாமல் நிற்கும். முன்னோரின் கைத்திறனை மெச்சலாம்தான். ஆனால் எளிய காரணம் வேறு. சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புச் சாந்து, பனை வளை, ஓடு என்று எழுந்த அந்தச் சுவர்களில் துருப்பிடிக்க இரும்பே இல்லை.

இன்றைய வீடு கம்பியை நம்பி நிற்கிறது. சீமெந்து கடும் காரம். பிஎச் அளவு 12க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படிந்து துருவைத் தடுக்கிறது. கடலுப்பிலுள்ள குளோரைட்டு, கொங்கிறீட்டின் நுண்துளை ஈரத்தின் வழியே ஊர்ந்து கம்பியை எட்டியதும் படலம் அங்கங்கே அறுந்துவிடும். துருவுக்குத் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். அந்த நெருக்கத்தில்தான் கொங்கிறீட் பிளக்கிறது.

தட்டின் அடிப்பக்கம் முதலில் பொரிவது ஏன்? மேலே படியும் உப்பை மாரி மழை கழுவிவிடும்; அடியில் படிந்தது சேர்ந்துகொண்டே போகும், காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். போதாக்குறைக்கு, கொங்கிறீட் கொட்டும்போது வேலையாட்கள் மிதிப்பதால் கம்பி அடியிலுள்ள அச்சுப் பலகையோடு ஒட்டிவிடுகிறது; அதை மூடும் கொங்கிறீட் மெலிந்துபோகிறது.

உப்பு ஊரும் காலம், கம்பிக்கு வெளியே உள்ள கொங்கிறீட் தடிப்பின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. 20 மில்லிமீற்றரை 40 ஆக்கினால் காலம் ஏறத்தாழ நான்கு மடங்கு. மாபிளுக்கும் முகப்புத் தூணுக்கும் கணக்குப் பார்க்காதவர்கள், கம்பியைப் பலகையில் ஒட்டாமல் உயர்த்திப் பிடிக்க அடியில் வைக்கும் சிறிய சீமெந்துக் கட்டைகளுக்குக் கணக்குப் பார்ப்பதுதான் எனக்கு விளங்குவதில்லை.

உப்பை நாமே கலந்துவிட்டால் தடிப்பும் உதவாது. கழுவாத கடல்மணல் ஒரு வழி, உவர்க்கிணறு மற்றொன்று. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர், அடர்த்தி கூடிய உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். குடிக்க உவர்க்கும் நீரைச் சாந்துக்கும் எடுக்கக்கூடாது. கொட்டிய கொங்கிறீட்டை இறுகும்வரை நனைத்து வைக்கவும் அந்த நீர் கூடாது.

இனிக் காற்று. பருத்தித்துறை இருக்கும் வடமராட்சியின் வடகரையில், வடகிழக்கிலிருந்து வீசும் வாடை நேரே கடலிலிருந்து வருகிறது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் குடாநாட்டு நிலத்தைக் கடந்து வருவதால் உப்புக் குறைவு. ஆகவே அங்கே பெரிய யன்னல்களையும் விறாந்தையையும் தென்மேற்கில் வைத்து, வடகிழக்கில் திறப்புகளைச் சிறிதாக்கலாம். யாழ்ப்பாண நகரின் கரையிலுள்ள குருநகரில் சோளகம் கடல்நீரேரியைத் தாண்டி வரும். ஆனால் அங்கே அலை சிறியது, தெறிக்கும் உப்பும் குறைவு.

ஏற்கெனவே பொரிந்துவிட்டதா? மேலே சாந்து பூசி மறைப்பது வீண். உப்பேறிய கொங்கிறீட்டைக் கம்பியின் பின்புறம்வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குப் புதியது சேர்த்த பிறகே பூச வேண்டும்.