'மேலும்' போட்டால் கோர்வை வந்துவிடாது

பிரதி திருத்துவது என் தொழில். ஆய்வேடு, ஆண்டறிக்கை, மருத்துவமனைத் துண்டறிக்கை, போட்டித் தேர்வுக்கு எழுதிப் பார்க்கும் கட்டுரை என்று எல்லாம் மேசைக்கு வரும். போன வாரம் வந்த ஒரு கட்டுரையில் பத்திக்குப் பத்தி முதல் சொல் 'மேலும்'. எழுதிய பெண்ணிடம் காரணம் கேட்டேன். "இணைப்புச் சொற்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தாங்க சார். நிறைய வந்தால் கோர்வைக்கு மதிப்பெண் கிடைக்கும்னு சொன்னாங்க" என்றார். இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்பது? அந்தப் பெண் மேல் கோபமில்லை, பட்டியல் கொடுத்தவர்கள் மேல்தான்.

இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஏற்கெனவே ஓர் உறவு இருந்தால் அதை வாசகருக்குக் காட்டுவதுதான் இணைப்புச் சொல்லின் வேலை. இல்லாத உறவை அது உண்டாக்காது. இப்படி எழுதுகிறார்கள்:

"எங்கள் ஊரில் ஏரி உள்ளது. மேலும், அது 200 ஏக்கர் பரப்பு கொண்டது. எனவே, கோடையில் வற்றிவிடுகிறது. ஆனால், விவசாயம் பாதிக்கப்படுகிறது."

ஏரி பெரியது என்பதாலா வற்றுகிறது? 'எனவே' அப்படித்தான் சொல்கிறது. ஏரி வற்றினால் விவசாயம் கெடுவது எதிர்பார்த்ததுதானே, அங்கே 'ஆனால்' எதற்கு? மூன்று சொல் போட்டதில் ஒன்று வெட்டி, இரண்டு பொய். எழுதியவருக்கு ஏரியைப் பற்றி நன்றாகவே தெரியும். இந்தச் சொற்கள்தான் அவரைத் தெரியாதவர் ஆக்கிவிட்டன. இதையே இப்படி எழுதலாம்:

"எங்கள் ஊர் ஏரி 200 ஏக்கர் பரப்பு கொண்டது. அவ்வளவு பெரிய ஏரியும் கோடையில் வற்றிவிடுவதால் விவசாயம் பாதிக்கப்படுகிறது."

பட்டியலில் இருந்து ஒரு சொல்கூட இல்லை. 'ஏரியும்' என்பதிலுள்ள உம்மும் 'வற்றிவிடுவதால்' என்பதிலுள்ள ஆலும் வேலையை முடித்துவிட்டன. தமிழில் இணைப்பு பெரும்பாலும் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. உம்முக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறது தொல்காப்பியம். இதெல்லாம் பள்ளியில் சிறப்பும்மை, எண்ணும்மை என்று மனப்பாடம் செய்ததுதான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம், அதுதான் வருத்தம்.

அடுத்து, ஒரே வேலைக்கு இரண்டு ஆள். "மழை பெய்தாலும், ஆனால் போட்டி நடந்தது." 'பெய்தாலும்' என்றதுமே முரண் வந்துவிட்டது, 'ஆனால்' மிகை. "ஏனென்றால் பேருந்து வராததால்" என்பதும் அதே ரகம். ஒன்றை எடுங்கள்.

வினையெச்சத்தில் கொஞ்சம் கவனம் தேவை. "அதிகாரிகள் ஆய்வு செய்து கடைக்காரர் அபராதம் கட்டினார்" என்று ஒரு அறிக்கையில் பார்த்தேன். 'செய்து' என்று தொடங்கினால் முடிக்கிற வினையும் அதே ஆளுடையதாக இருக்கும் என்றுதான் வாசகர் எதிர்பார்ப்பார். "அதிகாரிகள் ஆய்வு செய்ததையடுத்து" என்றால் சிக்கல் இல்லை. 'லாரி மோதி இளைஞர் பலி' போன்ற செய்தித் தலைப்புகள் வழக்கில் ஊறிவிட்டவை, அவற்றை விடுங்கள்.

இதெல்லாம் நடை சம்பந்தப்பட்டது, பொருள் புரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பரிசோதனைக் கூடத்தின் படிவத்தில் இருந்த வரி இது: "இதயநோய் மற்றும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்." இரண்டும் சேர்ந்து இருப்பவர்களா, ஏதாவது ஒன்று இருப்பவர்களா? சர்க்கரை நோய் மட்டும் உள்ள ஒருவர் 'நமக்கில்லை' என்று பேசாமல் உட்கார்ந்துவிடலாம். "இதயநோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள்" என்று ஓகாரம் போட்டால் சந்தேகமே வராது. மருந்துக் குறிப்பு, வாடகை ஒப்பந்தம், உயில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து 'மற்றும்', 'அல்லது' வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? எழுதி முடித்ததும் வாக்கியத் தொடக்கத்தில் நிற்கும் இணைப்புச் சொற்களை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். தடுக்காமல் போகிற இடத்தில் அந்தச் சொல் தேவையே இல்லை. தடுக்குகிற இடத்தில் காரணமா, முரணா, வரிசையா என்று முடிவு செய்துவிட்டு அதற்குரியதைப் போடுங்கள். எந்தச் சொல்லும் பொருந்தவில்லையா? அந்த இரண்டு வாக்கியங்களும் பக்கத்தில் இருக்க வேண்டியவை அல்ல, இடம் மாற்றுங்கள். 'இதனால்' என்று எழுதினால் எதனால் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய பத்தியில் மூன்று செய்திகள் இருந்தால் எதைச் சுட்டுகிறது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? 'இந்த வறட்சியால்' என்று பெயரைச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சி மையத்து ஆசிரியர்களே, அந்தப் பட்டியலைக் கொடுப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக இணைப்புச் சொற்களை நீக்கிய ஒரு பத்தியைக் கொடுத்து, எந்த வாக்கியம் எதற்குக் காரணம் என்று கேளுங்கள்.