பிஞ்ச் வாசிப்பு: "மிதமிஞ்சிய" என்ற சொல் ஏன் பொருந்தாது?

தேசிய வாசிப்பு மாதமான ஒக்டோபரில், மட்டக்களப்புப் பக்கத்து நூலகம் ஒன்றின் பலகையில் இப்படி ஒரு தலைப்பு ஒட்டியிருந்தது: "மிதமிஞ்சிய வாசிப்புக்கு உகந்த, நிறைவுற்ற இளம் வயது வந்தோர் கற்பனைத் தொடர்கள்." அதன் கீழே ஏழெட்டு ஆங்கில நூல்வரிசைகள். பட்டியல் நல்ல பட்டியல். அந்த நூல்களை வாசித்து ருசி கண்டவர் ஒருவர்தான் அதைத் தொகுத்திருக்க வேண்டும். தலைப்புத்தான் தாங்கவில்லை. ஒரு நூல்வரிசையை இடைவிடாமல் வாசித்து முடிப்பதை ஆங்கிலத்தில் பிஞ்ச் வாசிப்பு (binge reading) என்கிறார்கள்; அதற்கு இட்ட தமிழ்தான் இது. "மிதமிஞ்சிய வாசிப்பு" என்பதை வானொலியிலும் நூல் அறிமுகக் கூட்டங்களிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நிலையில், இனியும் பேசாமல் இருந்தால் அது அகராதிக்குள்ளும் ஏறிவிடும்.

மூலச் சொல்லான பிஞ்ச், இங்கிலாந்தின் வட்டார வழக்கு. மரப் பாத்திரம் காய்ந்து பலகைகளுக்கிடையே நீக்கல் விழுந்தால் அதைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மரம் உப்பி நீக்கல் அடைபடும். நெடுநாள் கரையில் கிடந்த தோணியை நம்மவர்கள் வாவியில் இறக்கி ஊறவைப்பதும் இதற்காகத்தான். அந்த ஊறலின் பெயர்தான் பிஞ்ச். 1854இல் வெளிவந்த நோர்தாம்ப்டன்ஷயர் வட்டாரச் சொற்றொகுதியிலேயே அது குடியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது: தவறணைக்குப் போய்த் தன்னை ஊறப்போடுகிறவனுக்கு அந்தச் சொல். பிறகு குடியிலிருந்து தீனிக்கு, தீனியிலிருந்து திரைக்கு. 2013இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொடரின் 13 அங்கங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. 2015இல் கொலின்ஸ் அகராதி, தொடர்களை இடைவிடாமல் பார்ப்பதைக் குறிக்கும் "பிஞ்ச் வொட்ச்" என்பதை அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது. வாசிப்பும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. வரலாறு இவ்வளவுதான்.

"மிதமிஞ்சிய" எங்கிருந்து வந்தது? மருத்துவத்திலிருந்து. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல், 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில், அடக்க முடியாமல் அளவுக்கு மீறி உண்பதைத் தனி நோயாகச் சேர்த்தது. அதைத் தமிழில் எழுதியவர்கள் "மிதமிஞ்சி உண்ணல்" என்றார்கள். அங்கே அது மிகச் சரியான சொல். நோயின் இலக்கணமே அளவு கடப்பதுதான். ஆங்கிலத்தில் உண்ணலுக்கும் வாசிப்புக்கும் முன்னால் பிஞ்ச் என்ற ஒரே சொல் நிற்கிறதே என்று அதைத் தூக்கி வாசிப்பின் தலையில் வைத்ததுதான் பிழை.

மிதம் என்றால் அளவு, மிஞ்சுதல் என்றால் மீறுதல். தமிழன் காதில் இந்தச் சொல் விழுந்தவுடன் "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்ற பழமொழியும் கூடவே விழும். பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு கதைப்புத்தகத்தைப் பிள்ளை கையில் எடுத்தாலே "சோதினைக்குப் படிக்காம என்ன வாசிப்பு?" என்று கேட்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. அந்த வீட்டுக்குள் நூலகமே ஒரு தாளை அனுப்பி, "இவை மிதமிஞ்சிய வாசிப்புக்கு உகந்தவை" என்று சொன்னால் தாய் தகப்பனுக்கு என்ன விளங்கும்? பிள்ளை கெட்டுப்போகும் புத்தகங்கள் என்றுதான் விளங்கும். வாசிக்கத் தூண்ட எழுதிய வாசகம் வாசிக்காதே என்று சொல்கிறது. இதைவிடப் பெரிய மொழிபெயர்ப்புத் தோல்வி இருக்க முடியுமா?

பொருளும் பிசகுகிறது. ஆண்டு முழுக்கக் கிடைத்ததையெல்லாம் வாசித்துத் தள்ளுகிறவரை வேண்டுமானால் மிதமிஞ்சி வாசிக்கிறவர் என்று சொல்லலாம். அவர் செய்வது பிஞ்ச் வாசிப்பு அல்ல. ஒரு போயா விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்ந்து வர, பிலிப் புல்மனின் "ஹிஸ் டார்க் மெற்றீரியல்ஸ்" மூன்று பாகங்களையும் வைத்த கை எடுக்காமல் முடிக்கிற பிள்ளை செய்வதுதான் அது. அந்தப் பாகங்கள் 1995, 1997, 2000 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. அன்று வாசகர்கள் முதற் பாகத்துக்கும் கடைசிப் பாகத்துக்கும் இடையில் ஐந்து ஆண்டு காத்திருந்தார்கள். ஹரி பொட்டர் ஏழு பாகங்களும் வந்து முடிய 1997 முதல் 2007 வரை பத்து ஆண்டு ஆனது. முதற் பாகத்தை வாசித்த பிள்ளை கடைசிப் பாகம் வரும்போது வளர்ந்துவிட்டது. இன்று வாசிக்கிறவரும் அதே பக்கங்களைத்தான் வாசிக்கிறார், ஒரு வரிகூடக் கூடுதலாக இல்லை. அளவு மாறவில்லை, இடைவெளிதான் இல்லாமல் போயிருக்கிறது. ஆகவே தமிழ்ச் சொல் இடைவிடாமையைச் சொல்ல வேண்டும்.

"வெறிவாசிப்பு" என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். தமிழகத்தில் அது எப்படி ஒலிக்கிறதோ, இலங்கையில் வெறி என்றால் முதலில் குடிவெறிதான். "ஆள் வெறியில நிக்கிறார்" என்று சொல்லும் ஊரில் பிள்ளைகளின் வாசிப்புக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. மூலச் சொல்லின் குடிகாரப் பிறப்புக்கு அது கிட்டத்தான் நிற்கிறது. ஆனால் ஒரு சொல் பிறந்த இடத்தைத் தமிழாக்குவது நம் வேலையல்ல, இன்று அது செய்யும் வேலையைத் தமிழாக்குவதே வேலை. "தொடர் வாசிப்பு" என்பது இன்னொன்று. கேட்க அழகு. ஆனால் நூல்வரிசைக்கே தொடர் என்றுதான் சொல்கிறோம். தொடரைத் தொடர் வாசிப்புச் செய்தல் என்று எழுத வேண்டி வரும். ஒரு தொடரை வாரம் ஓர் அத்தியாயமாக வாசிப்பதையும் அது குறிக்கும். எதிர்ப்பொருள் தரக்கூடிய சொல் கலைச்சொல்லாகாது.

பேச்சில் இதற்குப் பஞ்சமே இல்லை. உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது: "நாலு புத்தகத்தையும் இருந்த இருப்பில வாசிச்சு முடிச்சிட்டன் சேர்." இருந்த இருப்பில, ஒரே மூச்சில, விடிய விடிய. கூத்து விடிய விடிய நடந்த மண்ணில் இவற்றுக்கு உரை வேண்டியதில்லை. "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்தது. அதை வெட்டி எடுத்துப் பைண்டு கட்டி வைத்திருந்த வீடுகளில் பின்னால் வந்தவர்கள் ஐந்து பாகத்தையும் சாப்பாட்டையும் மறந்து வாசித்தார்கள். அதற்கு அவர்கள் பிஞ்ச் என்ற சொல்லைத் தேடவில்லை.

எழுத்தில் ஒரு பெயர்ச்சொல் வேண்டும் என்றால், அதுவும் நம்மிடம் இருக்கிறது: முற்றோதல். திருவாசகத்தின் 51 பகுதிகளையும் காலையில் தொடங்கி ஒரே நாளில் ஓதி முடிப்பது திருவாசக முற்றோதல். முற்று என்பதில் முழுமையும் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. இந்தப் பழக்கம் கிழக்கில் யாருக்கும் புதிதல்ல. கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை என்ற காவியத்தைப் படித்துப்போய்க் குளிர்த்திச் சடங்கில் நிறைவு செய்கிறோம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் உற்சவம் பாரதக் கதையைப் பின்பற்றிப் போய்த் தீமிதிப்பில் முடிகிறது. குர்ஆனை முழுதும் ஓதி முடிப்பதற்கு முஸ்லிம்களிடம் கத்தம் என்ற சொல் இருக்கிறது. ஒரு நூலைத் தொடங்கினால் விடாமல் முடிவுவரை போவது இங்கே பெருமைக்குரிய காரியம். யாரும் அதை நோய் என்று சொன்னதில்லை.

ஓதல் வாய்விட்டுச் சொல்வது, பக்தி சார்ந்தது. அதனால் அதை அப்படியே எடுக்காமல் "முற்றுவாசிப்பு" என்கிறேன். இதில் இன்னொரு நயமும் உண்டு. முடிந்துபோன தொடரைத்தான் முற்றாக வாசிக்க முடியும். அந்தத் தலைப்பில் "நிறைவுற்ற" என்று தனியே சொன்னது இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். முடிவு என்பதும் சில வேளை ஏமாற்றும்: உர்சுலா லெ குவினின் "எர்த்ஸீ" 1968 முதல் 1972 வரை மூன்று பாகங்களோடு முடிந்தது என்று எல்லோரும் நம்பியிருக்க, நாலாம் பாகம் 1990இல் வந்தது. முற்று என்று எண்ணி வாசித்தவர்கள் மறுபடி புத்தகத்தைத் திறந்தார்கள்.

ஏழில் மூன்றை ஒரே இரவில் வாசித்துவிட்டு நித்திரை கொண்டவருடையதும் முற்றுவாசிப்பா என்று ஒருவர் கேட்கலாம். முழுத் தொடரையும் முடிக்கும் ஓட்டத்தில் இருக்கிறார் என்றால், ஆம். அங்கேயே விட்டுவிட்டார் என்றால், இல்லை. "விடிய விடிய வாசித்தார்" என்று எழுதினால் போதும். வினைச்சொல்லாக வரும் இடங்களில் "முற்றுவாசித்தேன்" என்று அடம்பிடிக்கவும் தேவையில்லை. "ஒரே இருப்பில் வாசித்தேன்" என்பது நல்ல எழுத்துத் தமிழ்தான்.

அந்தத் தலைப்பின் மற்றச் சொற்களையும் விட மனமில்லை. "இளம் வயது வந்தோர்" என்பது யங் அடல்ட்டின் சொல்லுக்குச் சொல். 12 முதல் 18 வயதுவரையான வாசகர்களைக் குறிக்கும் பதிப்புத்துறைச் சொல் அது. வயதுக்கு வருதல் என்றால் நம் வீடுகளில் பெண்பிள்ளை பெரியபிள்ளையாவது. வயது வந்தோர் என்றால் சட்டத்தில் 18 தாண்டியவர்கள். இரண்டு பொருளும் இங்கே பொருந்தாது. ஆண்பிள்ளைகள் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்ததைக் கண்டேன். கூச்சத்தில் பெண்பிள்ளைகள் அந்த அலுமாரிப் பக்கமே போகாமல் விட்டால் யாரை நோவது? நமது சுகாதாரப் பாடநூல்களில் கட்டிளமைப் பருவம் என்ற அருமையான சொல் பல காலமாக இருக்கிறது. அது கனதி என்று பட்டால் "இளையோர்" போதும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னைவரை போய்க் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தார். அவர் மண்ணில் அறிவிப்பு எழுதுகிறவர்கள் பக்கத்தில் கிடக்கும் பாடநூலைக்கூடப் புரட்டாதது வேதனை.

கடைசியாக "கற்பனைத் தொடர்கள்". எல்லாப் புனைவும் கற்பனைதான்; ஆங்கிலத்தில் ஃபேன்டசி என்கிற வகையை மட்டும் அது எப்படிப் பிரித்துக் காட்டும்? "மிகுபுனைவு" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அங்கும் மிகுதி, மறுபடியும் அளவு. யதார்த்தத்தைவிடக் கூடுதலாகப் புனைந்தது என்பதல்ல அந்த வகையின் இயல்பு. வேறு விதிகளால் இயங்கும் உலகம் ஒன்றைக் கட்டி, அந்த விதிகளைக் கடைசிவரை மீறாமல் நடப்பது அது. மாயம் அந்த உலகத்தின் விதி. ஆகவே மாயப்புனைவு என்பேன். இதைவிடத் தெளிவான சொல் கிடைத்தால் அதை ஏற்கவும் தயார், அளவுகோல் பிடிக்காத சொல்லாக இருந்தால் சரி.