ஹாம் ரேடியோ: செட் அப்புறம், லைசென்ஸ் முதலில்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. நின்றிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துப்போனது. அப்படி ஒரு ராத்திரியில் செல்போன் டவரும் படுத்துவிட்டால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ மனப்பாடமாக வைத்திருந்தும் பயனில்லை. ஹாம் ரேடியோ என்பது லைசென்ஸ் பெற்ற தனிநபர்கள் நேரடியாக ஒருவரோடு ஒருவர் பேசும் ரேடியோ. அதற்கு டவர் வேண்டாம், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி போதும்.

அந்த வெள்ளத்துக்கு அப்புறம் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், ஊருக்கு உதவலாம் என்று ஆன்லைனில் இரண்டு வாக்கி டாக்கி வாங்கினான். லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருப்பதே தப்பு என்று விற்றவர் சொல்லவில்லை. "லைசென்ஸ் தேவையில்லை" என்று யாராவது விற்றால் அலைவரிசையைப் பாருங்கள். அந்த விலக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு சக்தி செட்டுகளுக்குத்தான். ஹாம் செட்டுக்குக் கிடையாது.

சரி, லைசென்ஸ் எங்கே? தாலுகா ஆபீஸில் கேட்டால் கலெக்டர் ஆபீஸ், அங்கே கேட்டால் போலீஸ் ஸ்டேஷன். பையன் மூன்று இடமும் அலைந்தான். தங்களால் கொடுக்க முடியாது என்பதை மூன்று பேருமே சொல்லவில்லை. கொடுப்பது மத்தியத் தொலைத்தொடர்புத் துறை. விண்ணப்பம் 'சரள் சஞ்சார்' இணையதளத்தில். 12 வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம். லைசென்ஸில் கீழ்நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு ஒலிக் குறியீடு) வேண்டாம், உள்ளூர் வேலைக்கு அதுவே தாராளம்.

பெரிய பொறி இதுதான்: தேர்வில் ஜெயித்தால் வருவது சான்றிதழ், லைசென்ஸ் இல்லை. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸோடு உங்களுக்கென்று தரும் அடையாள எழுத்து-எண்ணான அழைப்புக்குறி வரும்வரை மைக்கைத் தொடாதீர்கள். ஆதாரில் ஓர் இனிஷியல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறொன்று என்றால் விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள். அக்டோபரில் மேகத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பித்தால் அந்த மழைக்கு ஆகாது. கோடையிலேயே ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, மாந்தோப்புக் காவலுக்கும் கடை வியாபாரத்துக்கும் ஹாம் அலைவரிசை கூடாது.

தன்னார்வலர் எல்லோருக்கும் செட் தேவையில்லை. லைசென்ஸ் உள்ள ஒருவர் கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். செய்தி வந்ததும் மைக்கில் சொல்லிவிடலாம், தள்ளியிருக்கும் வீடுகளுக்கு பைக்கில் ஆள் போகலாம். எந்த அலைவரிசை, எத்தனை மணிக்குக் கேட்பது என்று வெயில் காலத்திலேயே பேசி வாராவாரம் பழகுங்கள். நடுவில் மலை மறித்தால் கைச்செட் எட்டாது. எந்தத் தெருவில் கேட்கிறது, எதில் கேட்கவில்லை என்று நடந்து பார்த்து எழுதி வையுங்கள்.