பழைய டேப் கிடைச்சதும் பிளே பட்டனை அமுக்காதீங்க

பழைய ஃபிலிம், டேப் எல்லாம் எப்படிக் காப்பாத்துறதுன்னு செஞ்சு காட்டிச் சொல்லித்தர்ற ஒர்க்ஷாப்ல முதல் நாள் எல்லாருக்குமே கொஞ்சம் ஏமாற்றமாதான் இருக்கும். மேஜை மேல டேப் டெக் இருக்கும், பக்கத்துல ஸ்கேனர் இருக்கும், எதையாவது ஓட்டிப் பாத்துடணும்னு கை துறுதுறுங்கும், ஆனா சொல்லித்தர்றவர் மெஷின் பக்கமே விடமாட்டார். ஆளுக்கு ஒரு ஃபிலிம் டப்பாவைக் குடுத்து, லேசா திறந்து என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்கம்பார்.

புளிச்ச வினிகர் வாசனை வந்தா அது அசிட்டேட் ஃபிலிம், அதுவும் நோய் புடிச்ச ஃபிலிம். செல்லுலோஸ் அசிட்டேட்டுங்கிற அந்த பிளாஸ்டிக்கை ஈரமும் சூடும் சேர்ந்து மெல்ல மெல்ல உடைக்குது, உடையும்போது அசிட்டிக் அமிலம் வெளிய வருது, அந்த அமிலமே மறுபடி பிளாஸ்டிக்கை இன்னும் வேகமா உடைக்குது, டப்பா இறுக்கி மூடியிருந்தா போக வழியில்லாம உள்ளேயே சுத்திச் சுத்தி வேலையக் காட்டும். பக்கத்துல இருக்குற நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். மூக்கை மட்டும் நம்ப முடியாதுங்குறதால ஒரு சின்ன காகிதப் பட்டையை டப்பாக்குள்ள ஒரு நாள் போட்டு வைப்பாங்க, நீலமா இருக்குறது அமிலத்தின் அளவைப் பொறுத்து பச்சையாகி, ரொம்ப மோசமா இருந்தா மஞ்சளாயிடும். மஞ்சளானதை முதல்ல ஸ்கேன் பண்ணணும், நீலமா இருக்குறதைக் குளிர்ல வச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம். இந்த வரிசை போடத் தெரியறதுதான் பாதி வேலை, ஏன்னா எல்லாத்தையும் காப்பாத்துற அளவுக்கு ஆளும் பணமும் எங்கேயும் கிடையாது.

அசிட்டேட்டுக்கு முன்னாடி இருந்த நைட்ரேட் ஃபிலிம் வேற ரகம். எரியறதுக்குத் தேவையான ஆக்சிஜன் அதோட மூலக்கூறுக்குள்ளேயே இருக்குறதால தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும். கோடாக் அதைத் தயாரிக்கிறதை நிறுத்தினது 1951ல. ஓரத்துல சேஃப்டின்னு, அதாவது சுலபமா தீப்பிடிக்காத ஃபிலிம்னு, எழுதியிருந்தா பயமில்லைன்னு நெட்ல சொல்வாங்க, அதுல ஒரு வில்லங்கம் இருக்கு. ஒரு ஃபிலிம்லேருந்து இன்னொண்ணுக்கு பிரின்ட் போடும்போது ஓரத்து எழுத்தும் சேர்ந்தே காப்பி ஆகலாம், அப்போ அது இந்த ஃபிலிமோட எழுத்தா, இல்ல இதோட அம்மாவோட எழுத்தான்னு பாக்கணும். இதைப் படிச்சா புரியாது, நாலு ஃபிலிமை விளக்குப் பெட்டி மேல வச்சுப் பாத்தாதான் கண்ணுக்குப் பிடிபடும்.

அடுத்தது சுருக்கம். 35 மில்லிமீட்டர் பிரின்ட்ல ஓரத்துல இருக்குற ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவுல 4.75 மில்லிமீட்டர், நூறு ஓட்டை தூரம் 475 மில்லிமீட்டர் இருக்கணும். ஃபிலிம் 1 சதவீதம் சுருங்கியிருந்தா சரியா ஒரு ஓட்டை தூரம் காணாமப் போயிருக்கும். 1 சதவீதம்தானேன்னு புரொஜெக்டர்ல மாட்டினா பல்லு ஓட்டைல உக்காராம வரிசையா கிழிச்சுக்கிட்டே போகும். அதனால அளந்து பாக்காம ஓட்டுறதுங்குற பேச்சே கிடையாது.

டேப்புக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச ஏரியா இதுதான். டேப்புங்கிறது ஒரு பிளாஸ்டிக் பட்டை, அது மேல பசை, பசைக்குள்ள காந்தத் தூள், அவ்வளவுதான். 1970கள், 80கள்ல வந்த சில டேப்கள்ல இந்தப் பசை காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சி பிசுபிசுன்னு ஆயிடுது. அதை ஓட்டினா கீச்சுனு கத்தும், டேப்பைப் படிக்கிற பாகமான ஹெட்ல பழுப்பா அழுக்கு ஒட்டும், அந்த அழுக்கு வேற ஒண்ணும் இல்ல, பதிவு பண்ணின சத்தமேதான் உரிஞ்சு வந்திருக்கு. இதுக்கு வைத்தியம் கேட்டா சிரிப்பீங்க, ரொட்டி சுடுற மாதிரி டேப்பை பேக் (bake) பண்ணணும். வெப்பம் ஒரே சீரா இருக்குற லேப் ஓவன்ல 50 டிகிரி செல்சியஸ் பக்கத்துல பல மணி நேரம் வச்சா ஈரம் போய் பசை கொஞ்ச நாளைக்கு இறுகும், சில வாரத்துல திரும்ப பழைய கதைதான், அதுக்குள்ள டிஜிட்டைஸ் பண்ணிடணும். சமையல் ஓவன்ல வைக்கலாமான்னு யாராவது கேப்பாங்க, வெப்பம் எகிறிக் குதிக்கும்ங்க, வேண்டாம்.

ஆனா எல்லா டேப்பையும் பேக் பண்ணக்கூடாது. ரீலைப் பக்கவாட்டுல வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா வெளிச்சம் ஊடுருவித் தெரிஞ்சா அது இன்னும் பழைய அசிட்டேட் டேப், சூடு காட்டினா போச்சு. அதுல ஒரு நல்ல குணமும் உண்டு, அறுந்தா சுத்தமா அறும், ஒட்டிடலாம், சத்தம் ஒண்ணும் போகாது. பாலியஸ்டர் டேப் அறுறதுக்கு முன்னாடி இழுபட்டு நீளும், நீண்ட இடத்துல இருந்த சத்தம் அவ்வளவுதான்.

இதெல்லாம் தாண்டினப்புறம்தான் பிளே. அதுலயும் பெரிய விஷயம் அசிமத், அதாவது ஹெட் டேப்புக்கு எந்தக் கோணத்துல நிக்குதுங்குறது. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்துல ஓடுது, அதுல 10,000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு முழு அலை 4.76 மைக்ரோமீட்டர் நீளத்துக்குள்ள அடங்கியிருக்கு, ஒரு முடியோட தடிமன்ல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. ஹெட் ஒரு துளி சாஞ்சிருந்தாலும் அந்த நுணுக்கமான சத்தம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து அழிஞ்சிடும். ரெண்டு சேனலையும் மோனோவா சேர்த்து ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே அந்தக் குட்டி ஸ்க்ரூவைத் திருப்பினா, போர்வைக்குள்ள இருந்து பேசின ஆள் திடீர்னு போர்வையை விலக்கின மாதிரி குரல் தெளியும். முதல் தடவை கேக்குறவங்க முகத்தைப் பாக்கணுமே! இதை அப்புறம் சாஃப்ட்வேர்ல சரி பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க, ஹெட் எடுக்காத சத்தம் ஃபைல்லயே இருக்காது.

ஃபைல் 96 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 96,000 தடவை சத்தத்தை அளக்குறது), 24 பிட் (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமா எழுதுறதுங்குறது), சுருக்காத வேவ் ஃபைல். ஸ்டீரியோன்னா ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி வரும். மாஸ்டர் ஃபைல்ல இரைச்சல் நீக்குற வேலையே வேண்டாம், அதுக்குத் தனியா ஒரு காப்பி எடுத்து அதுல விளையாடிக்கலாம்.

வீடியோல கதை இன்னும் மோசம், டேப் இருக்கு, மெஷின் இல்ல. விஎச்எஸ் பிளேயர் செஞ்சுட்டிருந்த கடைசி கம்பெனி 2016லயே நிறுத்திடுச்சு. ஆஸ்திரேலியாவோட தேசிய ஃபிலிம், ஒலி ஆவணக் காப்பகம் 2015லயே, 2025க்குள்ள டிஜிட்டைஸ் ஆகாத டேப் எல்லாம் பெரும்பாலும் போயிடும்னு எச்சரிச்சாங்க, அதுக்குப் பெரிய காரணம் மெஷினும் அதை ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஆளும் குறையறதுதான். அதனால பயிற்சில ஸ்க்ரூடிரைவரும் குடுப்பாங்க, மூணு செத்த மெஷினைக் கழட்டி ஒண்ணை ஓட வைக்கணும்.

கடைசில செக்சம். ஃபைலோட கைரேகைன்னு வச்சுக்கோங்க. ஒரு ஃபைல்ல ஒரே ஒரு எழுத்தை மாத்திட்டு எம்டி5ங்கிற செக்சம் போட்டுப் பாக்கச் சொல்வாங்க, 32 எழுத்துல கிட்டத்தட்ட எல்லாமே மாறியிருக்கும். கெட்டுப்போச்சுன்னு அது சொல்லும், சரி பண்ணாது, அதுக்குத்தான் மூணு காப்பி, ரெண்டு வித மீடியா, ஒண்ணு வேற ஊர்ல.

எல்லா ஒர்க்ஷாப்லயும் ஒருத்தர் தவறாம கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, டேப்பை ரெட்டை ஸ்பீடுல ஓட்டி எடுத்தா சீக்கிரம் முடியாதா சார்னு. முடியும், ஆனா ஓடும்போது கேட்டுக்கிட்டே இருக்க முடியாது, எங்க ஹெட் அடைச்சதுன்னு தெரியாது. ஒரு மணி நேர டேப்புக்கு சுத்தம் பண்றது, அசிமத், குறிப்பு எழுதுறது எல்லாம் சேர்த்து ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். கேள்வி கேட்டவர் கையிலதான் முதல் ஹெட்ஃபோனைக் குடுப்பாங்க.