வீட்டில் வண்ண மீன் வளர்க்க மானியம்: கடலூர், புதுவைக்காரர்கள் போட வேண்டிய கணக்கு

கொல்லையிலோ மாடியிலோ தொட்டி கட்டி கப்பி, மோலி வளர்த்து விற்க நினைப்பவர்களுக்கு, பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 'புறக்கடை அலங்கார மீன் வளர்ப்பு' என்று ஒரு பிரிவு உண்டு. 2020-ல் வந்த திட்டம், 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. அதனால் இப்போது மனு வாங்குகிறார்களா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் மனு. புதுவையின் பாகூரில் தொட்டி வைத்துக்கொண்டு கடலூரில் கேட்க முடியாது.

ஓர் அலகின், அதாவது ஒரு வீட்டு வளர்ப்பு அமைப்பின், மதிப்பு 3 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், அதாவது 1.20 லட்சம் மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம், 1.80 லட்சம். பல வீடுகளில் மீனுக்குத் தீனி போட்டுத் தண்ணீர் மாற்றுவது பெண்கள்தானே, மனுவும் அவர்கள் பெயரிலேயே போகட்டும். செலவு 3 லட்சத்தைத் தாண்டினால் மீதி உங்கள் கைக்காசு.

பலர் கணக்குத் தப்புவது இனிமேல்தான். இது பின்னேற்பு மானியம். முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும்; வேலையை அதிகாரிகள் வந்து பார்த்த பிறகே பணம் வங்கிக் கணக்கில் ஏறும். கந்துவட்டிக்கு வாங்கித் தொடங்கினால் மானியம் வட்டிக்கே போய்விடும். அனுமதி ஆணை கைக்கு வரும்வரை தொட்டி வாங்காதீர்கள். வாங்கும்போது துண்டுச்சீட்டு வேண்டாம், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வாடகை இடம் என்றால் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் வேண்டும். தீனிக்கும் குஞ்சுக்கும் கிசான் கடன் அட்டை இருக்கிறது: தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்.

மதிப்பீட்டில் இன்வெர்ட்டரையும் சேர்க்கப் பாருங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூரில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. ஏர் பம்ப் நின்றால் நெருக்கமாக விட்ட தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உவர்ப்பு என்றால் மோலி தாங்கும், டிஸ்கஸ் மீன் தாங்காது.

வலையில் சிக்கியது என்று யாராவது கடல்குதிரையோ பவளமோ கொடுத்தால் வாங்காதீர்கள். இரண்டும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, வைத்திருந்தாலே வழக்கு.